ஊறுகாய் ஒரு காய்கறியா?

பகல் உணவு மணி அடித்ததும் உங்கள் வகுப்பில் திறக்கப்படும் சாப்பாட்டு டப்பாக்களை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரமானால் பல டப்பாக்களில் தயிர்ச்சோறு இருக்கும்; அதன் ஓரத்தில் கறுத்துச் சுருண்ட நார்த்தங்காய்த் துண்டு ஒன்றோ, எலுமிச்சை ஊறுகாயோ ஒட்டிக்கொண்டிருக்கும். "தொட்டுக்கொள்ளக் காய் என்ன?" என்று கேட்டால் "அதான் ஊறுகாய் இருக்கிறதே!" என்று பதில் வரும். பெயரிலேயே 'காய்' இருப்பதால் இந்தப் பதிலில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் கேள்வி கேட்கவேண்டிய இடம் அதுதான். மரத்திலிருந்து பறித்த எலுமிச்சையில் இருந்த சத்துகள் அனைத்தும் ஆறு மாதம் கழித்து ஜாடியிலிருந்து எடுக்கும் துண்டிலும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அவை எங்கே போயின? அவற்றிற்குப் பதிலாக உள்ளே புகுந்தது என்ன? இவற்றிற்கு விடை காண வேண்டுமானால் முதலில் ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். காப்பதும் இழப்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள்.

காய்கறி என்பது பெரும்பகுதி நீரே. வெள்ளரிக்காயில் 100-க்கு 95 பங்கு நீர். மாங்காயிலும் எலுமிச்சையிலும் 80 முதல் 90 பங்கு வரை நீர். நமக்கு இது நல்ல செய்தி. நுண்ணுயிர்களுக்கும் இது நல்ல செய்திதான்! பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நீரில் கரைந்து வருவதையே அது தன் மெல்லிய சவ்வின் வழியாக உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே காயைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரை வெளியேற்றிவிடுவது. சுண்டவற்றலும் மிதுக்கவற்றலும் இந்த வழியில் ஆனவை. மற்றொன்று, நீரை உள்ளேயே விட்டுவைத்து, அது நுண்ணுயிர்களுக்குப் பயன்படாதபடி செய்துவிடுவது. ஊறுகாய் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

மாவடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாசி, பங்குனியில் வரும் பிஞ்சு மாங்காய்களைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் கடுகும் சேர்த்து ஜாடியில் இடுவார்கள். ஒரு சொட்டு நீர்கூட ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால் ஜாடியின் அடியில் நீர் தேங்கியிருக்கும். உருண்டையாக இருந்த வடு தோல் சுருங்கிக் கிடக்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது?

வடுவிலிருந்துதான். இதுவே உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் சவ்வூடு பரவல். செல்லின் சவ்வு நீரை எளிதாக விடும். உப்பை எளிதில் விடாது. சவ்வின் ஒரு பக்கம் இளஞ்சாறு, மறுபக்கம் செறிந்த உப்புக் கரைசல் என்றால் நீர் இளஞ்சாற்றிலிருந்து உப்பின் பக்கம் பாயும். இந்தப் பாய்ச்சலைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் உப்புக் கரைசலின் மீது எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டுமோ அதையே அதன் சவ்வூடு அழுத்தம் என்கிறோம். இயற்பியல் ஆசிரியனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

100 கிராம் கரைசலில் 10 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பநிலையில் அதன் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்தங்கள். எண்ணாகச் சொன்னால் இது மனத்தில் பதியாது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 118 அடி, அதாவது 36 மீட்டர். அணை நிரம்பி நிற்கும்போது அடித்தளத்தில் நீர் தரும் அழுத்தம் சுமார் மூன்றரை வளிமண்டலம். அந்த அழுத்தத்துக்கே அத்தனை கல்லும் மண்ணும் தேவைப்பட்டன. 90 வளிமண்டலம் வேண்டுமென்றால் அத்தகைய நீர்மட்டம் இருபத்தைந்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்! அடுக்களை மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் மாவடு ஜாடிக்குள் இருக்கும் உப்புநீரின் வலிமை அது. காய்ச் செல்லின் சாற்றுக்கும் சவ்வூடு அழுத்தம் உண்டு என்றாலும் அது பத்து வளிமண்டலத்தை ஒட்டியே இருக்கும். போட்டியில் வெல்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. (ஜாடி ஏன் வெடிப்பதில்லை என்று கேட்பீர்கள். இந்த அழுத்தம் ஜாடியின் சுவரைத் தள்ளும் அழுத்தமன்று. சவ்வின் குறுக்கே நீரை இழுக்கும் திறனின் அளவு. சவ்வு இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.)

வடுவின் செல்லுக்கு நேர்ந்த கதியே ஜாடிக்குள் விழும் பாக்டீரியாவுக்கும் நேர்கிறது. அதுவும் ஒரு செல்தானே! தன் உடலிலிருக்கும் நீரை உப்புக்குப் பறிகொடுத்து, வாடி, பெருக முடியாமல் நின்றுவிடுகிறது. பல வகைகள் சாவதில்லை, செயலற்றுக் கிடக்கின்றன. இதை மறந்துவிடாதீர்கள். சற்றுப் பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

நாட்கள் செல்லச் செல்ல இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. நீரிழந்த காய்ச் செல்கள் இறக்கின்றன. சவ்வுகள் காவல் வேலையை விட்டுவிடுகின்றன. அதன் பிறகு உப்பும் புளிப்பும் காரமும் தாராளமாக உள்ளே நுழைகின்றன. காயிலிருந்த சர்க்கரையும் கரையக்கூடிய சத்துகளும் வெளியே கசிகின்றன. உள்ளும் புறமும் ஒரே செறிவு ஆகும்வரை இது நடக்கும். 'ஊறுதல்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஊறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும்? பரவலில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. தடிமன் இரட்டித்தால் காலம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. தடிமன் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு. இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவிய வெள்ளரித் துண்டு அரைமணியில் உப்பேறிவிடும் என்றால், இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள ஒரு காய்க்கு அதே வேலை முடிய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதன் தோல் வேறு தடுக்கும், எனவே வாரக்கணக்காகும். நார்த்தங்காயை முழுதாக ஊறப்போடாமல் சுருளாக அரிந்து உப்பு அடைப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா? இந்த விதியை மனத்தில் வையுங்கள். இந்தோனேசியாவுக்குப் போகும்போது திரும்பவும் வரும்.

உப்பு நீரைக் கட்டிப்போடுகிறது என்பதை அளந்து காட்ட இன்னொரு வழியும் உண்டு. 90 கிராம் நீரில் எத்தனை மோல்? 18-ஆல் வகுத்தால் 5. உப்பு 10 கிராமை 58.5-ஆல் வகுத்தால் 0.17 மோல். ஆனால் உப்பு நீரில் சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டாகப் பிரிவதால் 0.34 என்று கொள்ளவேண்டும். ஆக 5.34 பங்கு துகள்களில் 5 பங்குதான் நீர். 5-ஐ 5.34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.94. அந்தக் கரைசலின் ஆவியழுத்தம் தூய நீரின் ஆவியழுத்தத்தில் இவ்வளவு பங்குதான் இருக்கும். உணவு அறிவியலார் இதை 'நீர்ச் செயல்பாடு' என்று அழைக்கின்றனர். உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. நச்சு உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூஞ்சைகள் இன்னும் கெட்டிக்காரர்கள்; 0.80 வரையில்கூட வளரும்.

உப்பு இனிமேல் கரையாது என்னுமளவு செறிந்த கரைசலில் இந்த எண் 0.75. இதை நீங்கள் கருவி இல்லாமலே பார்த்திருக்கிறீர்கள். ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து சாரல் வீசும் நாட்களில் அடுப்பங்கரை உப்பு ஜாடியில் கை விட்டால் நீர் கசிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் நீராவியை இழுத்துக் கரையத் தொடங்கும். அதே எண்! கல்லிடைக்குறிச்சி அப்பளம் அந்த நாட்களில் நமத்துப்போவதும் இதன் பங்காளிக் கதைதான். அதை வேறொரு சமயம் பார்ப்போம்.

இப்போது ஈரக் கரண்டிக்கு வருவோம். "ஈரக்கையோட பரணியத் தொடாதல!" என்று ஆச்சி அதட்டுவது வெறும் சுத்தத்துக்காக அன்று. ஊறுகாயின் மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது உடனே கீழே கலந்துவிடுவதில்லை. உப்புநீரைவிட அடர்த்தி குறைந்ததாதலால் மேலேயே தங்கும். ஜாடி முழுவதும் 0.90 என்றால் அந்தச் சொட்டு மட்டும் 1-ஐ ஒட்டி இருக்கும். செயலற்றுக் கிடந்தவை விழித்துக்கொள்ள அந்தச் சிறு குளமே போதும். காற்றும் கிடைக்கிறது; மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கிறது. கரண்டியில் ஒட்டிய இரண்டு சோற்றுப் பருக்கைகள் சேர்ந்தால் விருந்தே ஆயிற்று.

பூஞ்சைகளை உப்பால் மட்டும் அடக்குவது கடினம் என்பதை மேலே உள்ள எண்களே சொல்கின்றன. அதனால்தான் புளிப்பின் துணையை நாடுகிறோம். எலுமிச்சை, நார்த்தங்காய், மாங்காய் இவற்றுக்கு இயற்கையாகவே புளிப்பு இருக்கிறது. பி.எச். மதிப்பு 4.6-க்குக் கீழே இருந்தால் மிகக் கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்வதில்லை. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ அடுத்து நிற்கிறது. புளிப்பில்லாத காய்களுக்கு வினிகர் என்னும் காடி சேர்ப்பார்கள், அல்லது பாக்டீரியாவையே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். முட்டைக்கோசை நறுக்கி இரண்டு, இரண்டரை விழுக்காடு உப்பிட்டு அழுத்தி மூடிவைத்தால், அந்த அளவு உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயின் சர்க்கரையை அமிலமாக்கிவிடும். தயிரைப் புளிக்க வைப்பவர்களின் உறவினர்களே இவர்கள். ஜெர்மானியர் இதைச் 'சவர்க்ரவுட்' என்கின்றனர்.

மேலே ஊற்றும் நல்லெண்ணெய்க்கும் வேலை உண்டு. அடர்த்தி குறைந்த எண்ணெய் மிதந்து, காற்றுக்கும் காய்க்கும் இடையே கதவாக நிற்கிறது. கடுகு நொறுங்கி நீர்பட்டதும் எழும் நெடியும் நுண்ணுயிர்களுக்கு ஆகாத பொருள்தான். ஜாடி பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருப்பதும் காரணத்தோடுதான்; புளிப்பும் உப்பும் சேர்ந்தால் பித்தளையில் களிம்பேறும், இரும்பு அரிக்கும். செம்புக்கும் ஊறுகாய்க்கும் இன்னொரு பகையும் உண்டு. அது அடுத்த பகுதியில் தெரியும்.

ஆக, ஊறுகாய் கெடாமலிருப்பது எப்படி என்று கண்டுகொண்டோம். இனி நம் முதல் கேள்வி: அதற்குள் காய் எவ்வளவு மிச்சம்?

நார்ச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். மஞ்சள், சிவப்பு நிறம் தரும் கரோட்டின் நீரில் கரையாது. அதனால் உப்புநீரில் அது அவ்வளவாகக் கசிவதில்லை. நீரில் கரையும் சத்துகள்தாம் ஆபத்தில் இருக்கின்றன. பொட்டாசியம் போன்ற தாதுக்களில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். (வடு ஊறிய நீரைத் தயிர்ச்சோற்றில் விட்டுப் பிசைபவர்கள் அதைத் திரும்பப் பெறுகிறார்கள், கூடவே அதன் உப்பையும்!) எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வைட்டமின் 'சி'. அதைப் பற்றிப் பேச 1747-க்குப் போகவேண்டும்.

அந்நாளில் நீண்ட கடற்பயணம் போன மாலுமிகள் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய புண்கள் திறந்து மாண்டனர். 'ஸ்கர்வி' என்பது அந்த நோயின் பெயர். ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலக் கப்பலில் நோயுற்ற 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, உணவை ஒன்றாகவே வைத்து, கூடுதலாக ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்தார். ஓர் இணைக்கு வினிகர். ஓர் இணைக்குக் கடல்நீர். ஓர் இணைக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். மற்றவர்களுக்கு ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், மருந்துப் பசை இப்படி. ஆறே நாளில் பழம் தின்ற இருவரும் தேறிவிட்டனர். ஆப்பிள் மது குடித்தவர்களிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. வினிகரும் கடல்நீரும் பயன் தரவில்லை.

இதை நம் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். வினிகர் புளிப்பு, கடல்நீர் உப்பு. ஊறுகாயைக் காக்கும் இரண்டு காவலர்களையும் லிண்ட் தனித்தனியே சோதித்திருக்கிறார். இருவரும் உணவைக் காப்பார்கள்; உண்பவனை ஸ்கர்வியிலிருந்து காக்கமாட்டார்கள். அதைச் செய்தது பழத்தில் இருந்த, அன்று பெயர்கூட இல்லாத ஒரு பொருள். 1928-இல் ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-ஜியார்ஜி அதைப் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அதுவே அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் 'சி'.

இந்தப் பொருள் ஒரு தொட்டாற்சிணுங்கி. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் சிதையும். வெப்பம், ஒளி இரண்டும் அந்தச் சிதைவை விரைவுபடுத்தும். செம்பு அயனி சிறிதளவு இருந்தாலும் விரைவு பன்மடங்காகும். (19-ஆம் நூற்றாண்டில் செம்புக் குழாய்களின் வழியே சென்ற எலுமிச்சைச் சாறு மாலுமிகளுக்குப் பயன்படாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.) அதற்குப் பிடித்த ஒரே சூழ்நிலை புளிப்பு. ஜாடிக்குள் புளிப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நார்த்தங்காயை உப்பிலிட்டு ஊறவைத்துப் பிறகு பகலில் வெயிலில் பரப்புகிறோம். மாலையில் திரும்ப அதே சாற்றில் போடுகிறோம். மறுநாள் மீண்டும் வெயில். சாறு முழுவதும் வற்றும்வரை இந்தக் கூத்து நடக்கும். கெடாமல் வைத்திருக்க இதைவிடச் சிறந்த முறை இல்லை. வைட்டமின் 'சி'யை அழிக்கவும் இதைவிடத் திறமான முறையைக் கண்டுபிடிப்பது கடினம். காற்று, ஒளி, வெப்பம் மூன்றும் ஒருங்கே, நாட்கணக்கில்!

புளியங்குடிச் சந்தையில் வாங்கிய புது எலுமிச்சையின் 100 கிராம் சாற்றில் சுமார் 40, 50 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த அளவு. புதுப் பழமே அவ்வளவுதான் என்றால், மாதக்கணக்கில் ஊறிய துண்டில் விரல்நுனி அளவு தொட்டுக்கொள்வதால் என்ன கிடைக்கும்? ஊறுகாயை நம்புவதைவிட உண்ணும்போது கீரையின் மேல் பாதி எலுமிச்சையைப் பிழிவது மேல்.

முட்டைக்கோசைக் காற்றுப்படாமல் அழுத்தி, வெயிலுக்குக் காட்டாமல் புளிக்கவைக்கும் முறையில் இழப்பு குறைவு. பச்சைக் கோசில் 100 கிராமுக்கு 35 மில்லிகிராம் போல இருப்பது, புளித்த கோசில் 15 போல நிற்கிறது. கேப்டன் குக் 1768-இல் 'எண்டெவர்' கப்பலில் பீப்பாய் பீப்பாயாகப் புளித்த கோசை ஏற்றிச் சென்றது வீணன்று. அதை அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் தின்றார்கள். இரண்டு விழுக்காடு உப்பென்றால் அப்படித் தின்னலாம்.

நம் ஊறுகாயை அப்படித் தின்ன முடியுமா? இங்கேதான் காவலர் கேட்கும் கூலி தெரியவருகிறது. உப்புநீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இட்டு, உப்பையே முக்கியக் காப்புப் பொருளாக நம்பும் ஊறுகாயில் அது 12 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும், குறைந்தால் கெடும். அத்தகைய ஊறுகாயில் 20 கிராம், அதாவது இரண்டு துண்டும் கொஞ்சம் குழம்பும் எடுத்தால் அதில் 2.4 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வேளைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டதிலேயே பாதி ஒதுக்கீடு தீர்ந்தது! சாம்பார், ரசம், இட்லி, தேங்காய்த் துவையல், மாலையில் மிக்சர் இவற்றுக்கெல்லாம் மிச்சம் பாதி. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரும். அது பத்தாம் வகுப்பில் தெரியாது, நாற்பது வயதில் தெரியும்.

"எங்கள் தாத்தா நாள்தோறும் பழைய சோறும் நார்த்தங்காயும் தின்று எண்பது வயது இருந்தாரே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாமிரபரணிக் கரையில் கார் பருவத்திலும் பிசானத்திலும் காலை முதல் வெயிலில் குனிந்து நின்றவர் அவர். ஒரு லிட்டர் வியர்வையில் ஒன்றிலிருந்து நான்கு கிராம் வரை உப்பு வெளியேறும். அவர் எத்தனை லிட்டர் சிந்தினாரோ! மேலும் அவர் வீட்டுக் கொல்லையில் கீரையும் முருங்கையும் இருந்தன. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்த உப்பு அவருக்கு உழைப்பின் ஈடு. மின்விசிறியின் கீழ் பெஞ்சில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது.

இப்போது இந்தோனேசியாவுக்குப் போவோம். வழியில் இலங்கையில் சற்று இறங்கவேண்டும். இலங்கைத் தமிழர் 'அச்சாறு' என்று ஒன்றைச் சொல்வார்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பேரீச்சம்பழம் இவற்றை வினிகரிலும் அரைத்த கடுகிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது 'மலே அச்சாறு'. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்கள் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் வழிவந்த மலாய் மக்களின் பெயரை இந்த அச்சாறு தாங்கி நிற்கிறது. இந்தோனேசியாவில் இதன் பெயர் 'அச்சார்'. இந்திக்காரர் ஊறுகாயைச் சொல்வதும் அச்சார். பாரசீகத்திலும் போர்த்துக்கீசியத்திலும் இதே சொல் உண்டு. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல என்பதுதான் சுவை.

இந்தோனேசிய அச்சாரில் வெள்ளரிக்காய், காரட், சின்ன வெங்காயம், சிறுமிளகாய் இவற்றை மெல்லியதாக அல்லது சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். சிறிது உப்பு, சர்க்கரை, வினிகர். மஞ்சளரைத்து வதக்கிச் செய்யும் 'மஞ்சள் அச்சார்' ஒரு வகை. பொரித்த சோற்றுடனும் சுட்ட இறைச்சியுடனும் அன்றைக்கே, அல்லது அடுத்த ஓரிரு நாளுக்குள் தின்று தீர்த்துவிடுவார்கள். தடிமன் விதி நினைவிருக்கிறதா? மெல்லிய துண்டாதலால் அரைமணியில் சுவை ஏறிவிடுகிறது. நெடுநாள் நிற்கவேண்டிய தேவை இல்லாததால் உப்பு கொஞ்சம் போதும். வெயில் காட்டுவதில்லை, அதனால் காரட்டின் கரோட்டினும் மிளகாயின் வைட்டமின் 'சி'யும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கால் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பு என்று வைத்தால் அது 2 விழுக்காடு. 50 கிராம் தின்றாலும் உடலுக்குள் போவது ஒரு கிராம் உப்பு. நம் ஊறுகாயில் 20 கிராம் காயோடு 2.4 கிராம் உப்பு. அங்கே 50 கிராம் காயோடு 1 கிராம்.

இதனால் அவர்கள் அறிவாளிகள், நாம் ஏமாளிகள் என்று நினைத்துவிடக்கூடாது. அச்சார் நான்கு நாளில் கெட்டுவிடும். நம் நார்த்தங்காய் நான்கு ஆண்டு நிற்கும். காய் கிடைக்காத மாதங்களைக் கடக்க வந்தது ஒன்று. காய் கிடைக்கும் நாளில் உணவைச் சுவையாக்க வந்தது மற்றொன்று. எத்தனை நாள் நிற்கவேண்டுமோ அதற்கேற்ப உப்பு. உப்பு ஏற ஏற உண்ணும் அளவு சுருங்கும். இரண்டுக்கும் ஒரே தராசு. அங்கேயும் கடுகுக் கீரையை உப்பிட்டு, சோறு வடித்த கஞ்சி சேர்த்துப் புளிக்கவைக்கும் 'சாயுர் ஆசின்' என்று ஒன்று உண்டு. அது நாட்பட நிற்கும், உப்பும் கூடுதல்.

நம் சமையலிலும் அச்சாரின் உடன்பிறப்புகள் இருக்கின்றன. கல்யாணப் பந்தியில் இலையின் நுனியில் விழும் பொடிமாங்காய் ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். அன்று காலையில் நறுக்கி, உப்பும் காரமும் பிசறி, கடுகும் பெருங்காயமும் தாளித்தது. மாலைக்குள் தீர்ந்துவிடும். வெள்ளரிக்காய்க் கோசுமல்லி இன்னொன்று. இவற்றைக் காய்கறிக் கணக்கில் தாராளமாக எழுதலாம். ஆனால் பரணியிலிருந்து வரும் நார்த்தங்காயை, என் கருத்தில், உப்புக் கணக்கில்தான் எழுதவேண்டும். அதன் மணமும் கசப்பும் எனக்கும் பிடிக்கும். பிடிப்பதும் சத்தும் வேறு வேறு.

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆறு எலுமிச்சைகளை நறுக்கி, எடைபோட்டு, பத்துப் பங்குக்கு ஒன்றரைப் பங்கு உப்புச் சேர்த்து இரண்டு கண்ணாடி ஜாடிகளில் சமமாக இடுங்கள். மிளகாயோ மஞ்சளோ வேண்டாம், நிறம் குழப்பும். ஒன்றை மூடி அலமாரி இருட்டில் வையுங்கள். மற்றொன்றைத் துணியால் வாய்கட்டி நாள்தோறும் வெயிலில் வைத்துக் கிளறிவிடுங்கள்.

நீர்த்த சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டி எடுத்து, அதில் புது எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி விடுங்கள். மருந்துக்கடை டிஞ்சர் அயோடினைப் பத்து மடங்கு நீரில் நீர்க்கச் செய்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். முதலில் நீலம் தோன்றித் தோன்றி மறையும். அயோடினை வைட்டமின் 'சி' விழுங்கிவிடுவதே காரணம். மறையாத நீலம் நிற்கும்போது எத்தனை சொட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். வெறும் உப்புநீரில் ஓரிரு சொட்டிலேயே நீலம் நின்றுவிடும் என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒருமுறை இரண்டு ஜாடிகளின் சாற்றிலும் இதே சோதனை. வெயில் ஜாடியில் நீர் வற்றிச் சாறு செறிந்துபோகும். ஆகவே முதல்நாள் மட்டத்தை வெளியே கோடிட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரால் அந்தக் கோடுவரை நிரப்பி, நன்றாகக் கலக்கிய பின்னரே சாறு எடுக்கவேண்டும். இதை மறந்தால் கணக்குத் தவறும்.

கிடையச்சில் வாரத்தையும் குத்தச்சில் சொட்டுகளையும் வைத்து இரண்டு கோடுகள் வரையுங்கள். அயோடின் கலந்த எதையும் நாவில் வைக்கக்கூடாது. சோதனைக்கு எடுத்த ஜாடிகளிலிருந்து யாருக்கும் பரிமாறவும் கூடாது.